கட்டணம் குறைவு, கடல் அதிகம்

அந்தமானில் ஒரு காலத்தில் தொழிற்பயிற்சி முற்றிலும் இலவசம். சாப்பாடு, தங்குமிடம், உடுப்பு எல்லாம் சர்க்கார் செலவு. கப்பல் டிக்கெட்கூட எடுக்க வேண்டியதில்லை. சேருவதற்கு ஒரே ஒரு தகுதி போதும்: ஆயுள் தண்டனை.

1858 மார்ச்சில் பிரிட்டிஷார் கைதிகளைக் கொண்டுவந்து இறக்கியபோது, ஒரு ஊரைக் கட்டத் தேவையான கொல்லரோ தச்சரோ அங்கே கிடையாது. கல்கத்தாவிலிருந்து கூலி கொடுத்து அழைத்து வருவதைவிட, கையில் இருக்கும் கைதிக்கே தொழிலைக் கற்றுக்கொடுப்பது மலிவாகப் பட்டது. ஃபீனிக்ஸ் பே துறையில் பட்டறைகள் எழுந்தன. கொலைக் குற்றவாளிகள் இரும்படிக்கவும் மரம் இழைக்கவும் படகு பழுது பார்க்கவும் கற்றார்கள். இது ஒன்றும் தாராள மனசு அல்ல. பின்னாளில் செல்லுலர் ஜெயிலில் அரசியல் கைதிகளைச் செக்கிழுக்க வைத்ததும் இதே நிர்வாகம்தான். ஆனால் கணக்கு சரியான கணக்கு. தீவில் ஒரு தொழில் தெரிந்தவன் இல்லையென்றால் அவனையும் கப்பலில்தான் வரவழைக்க வேண்டும். அதற்கும் சேர்த்துத் தீவுதான் காசு கொடுக்க வேண்டும்.

அந்தக் கணக்கு இன்னும் மாறவில்லை. ஃபீனிக்ஸ் பேயிலிருந்து இன்று தீவுகளுக்கு இடையே ஓடும் கப்பல்கள் புறப்படுகின்றன. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரின் பெயரை மத்திய அரசு ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றியது. ஊரின் வாயில் இன்னும் பழைய பெயர்தான். அங்கிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் டாலிகஞ்சில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. பக்கத்திலேயே பஹார்காவில், 80களில் பாலிடெக்னிக்காகத் தொடங்கி இன்று பொறியியல் பட்டமும் தரும் டாக்டர் பி.ஆர். அம்பேத்கர் தொழில்நுட்ப நிறுவனம். எந்த அரசு ஐ.டி.ஐ.யையும் போல டாலிகஞ்சிலும் கட்டணம் சொற்பம். ஒரு ஏழைக் குடும்பம் அதற்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை. கடன் வாங்க வைப்பது வேறு.

வரைபடத்தைப் பார்த்தால் விஷயம் புரியும். வடக்கே லேண்ட்ஃபால் தீவிலிருந்து தெற்கே இந்திரா முனை வரை எழுநூறு கிலோமீட்டருக்கு மேல். 2011 கணக்கெடுப்பின்படி மொத்த மக்கள்தொகை 3,80,581. சென்னையின் ஒரு பேட்டையில் அடங்கிவிடும் கூட்டம், சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் இடையேயான நீளத்தில் கடல் மேல் சிதறிக் கிடக்கிறது. எழுத்தறிவு 86 சதவீதத்துக்கு மேல். ஆக, பள்ளிக்கூடம் தீவுதோறும் போய்ச் சேர்ந்துவிட்டது. பட்டறை போய்ச் சேரவில்லை.

லிட்டில் அந்தமானில் ஹட் பேயில் பத்தாம் வகுப்பு முடித்த ஒரு பையனை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா பாக்குத் தோட்டத்தில் கூலி. பையன் எலக்ட்ரீஷியன் ஆக ஆசைப்படுகிறான். தலைநகர் கடல் வழியே சுமார் 120 கிலோமீட்டர். கப்பலின் வேகத்தையும் கடலின் மனநிலையையும் பொறுத்து ஏழெட்டு மணி நேரம். காலையில் போய் மாலையில் திரும்பும் பேச்சே இல்லை. எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் என்றால் இரண்டு வருடம். வெல்டர் என்றால் ஒரு வருடம். அத்தனை காலமும் ஹாஸ்டலில் இடம் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் வாடகை அறை, ஹோட்டல் சாப்பாடு. அரிசி முதல் காய்கறி வரை பெரும் பகுதி கப்பலில் வரும் ஊரில் சாப்பாட்டுச் செலவு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இதோடு முடிந்துவிடுவதில்லை. அதே பையன் ஊரிலேயே இருந்தால் பாக்கு உரிக்கவோ டோங்கியில் மீனுக்குப் போகவோ செய்து வீட்டுக்குக் கொஞ்சம் காசு கொண்டு வருவான். அந்த வரவும் நின்றுபோகும். ஐ.டி.ஐ. விண்ணப்பத்தில் 'கட்டணம்' என்ற கட்டத்துக்கு எதிரே எழுதப்படாத தொகை இதுதான்.

டிக்லிபூர்ப் பையனுக்குக் கப்பல் வேண்டாம், சாலை இருக்கிறது என்று சொல்லலாம். அந்தமான் நெடுஞ்சாலையில் ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டைக் கடக்க, ஜிர்காடாங்கிலிருந்து குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் வண்டிகள் வரிசையாக அனுப்பப்படுகின்றன. அந்தக் காட்டின் சொந்தக்காரர்களை நிம்மதியாக விட அது தேவையான கட்டுப்பாடுதான். ஆனால் பயணம் ஒரு முழுப் பகலைத் தின்றுவிடும். காம்ப்பெல் பே பையனுக்கோ 500 கிலோமீட்டருக்கு மேல் கடல். கப்பல் வழியில் தீவு தீவாக நின்று போனால் இரண்டு நாள்கூட ஆகும். அவனுக்கு டாலிகஞ்ச் என்பது திருநெல்வேலிக்காரனுக்குச் சண்டிகர் மாதிரி.

இந்தப் பையன்கள் யார் என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 1918 முதல் சோட்டா நாக்பூரிலிருந்து ஓராவ், முண்டா, காரியா மக்கள் ராஞ்சியில் இயங்கிய கத்தோலிக்கத் தொழிலாளர் அமைப்பின் மூலம் காடு வெட்ட அழைத்து வரப்பட்டார்கள். தீவில் எல்லோருக்கும் ஒரே பெயர்: 'ராஞ்சிக்காரர்கள்'. ஜார்க்கண்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் பழங்குடியினர். இவர்கள் இங்கே பழங்குடியினர் பட்டியலில் இல்லை. காட்டைத் திருத்திச் சாலை போட்டவர்களின் பேரப் பிள்ளைகள் அந்தச் சாலை ஓரத்திலேயே பட்டா இல்லாத குடிசைகளில் இருக்கிறார்கள்.

தமிழர் கதை கொஞ்சம் வேறு. 2011 கணக்கெடுப்பில் தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேரின் தாய்மொழி தமிழ். கட்டுமானத்துக்கும் துறைமுகத்துக்கும் கூலிகளாக வந்தவர்கள், வியாபாரத்துக்கு வந்தவர்கள், இலங்கை மலையகத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்டவர்கள் என்று பல வகை. வந்தவர்களில் கணிசமானோர் தமிழ்நாட்டில் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் இருக்கும் சாதியினர். ஆனால் அந்தமான் நிகோபாருக்கென்று அறிவிக்கப்பட்ட தாழ்த்தப்பட்டோர் பட்டியலே கிடையாது. ஒரு மாநிலத்தின் சாதிச் சலுகை இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவருடன் கூடவே போகாது என்று 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பரமக்குடியில் செல்லுபடியாகும் சான்றிதழ் ஹாடோ துறையில் இறங்கும்போது வெறும் காகிதம் ஆகிவிடுகிறது. தீண்டாமையை விட்டுவிட்டு வந்ததாக நினைத்தவர்கள், அதற்கான பரிகாரத்தையும் விட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள்.

தாய்த் தமிழகம் என்ன செய்கிறது? தன் எல்லைக்குள் நிறையவே செய்தது. அரசு ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், பஸ் பாஸ், சீருடை என்ற ஏற்பாடு அங்கே பழகிப்போன ஒன்று. 71 அரசு ஐ.டி.ஐ.களை 2,877 கோடி ரூபாயில் டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து நவீனப்படுத்தினார்கள். 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டம் ஐ.டி.ஐ.யில் சேரும் பையனுக்கும் மாதம் 1,000 ரூபாய் என்றது. நிபந்தனை, தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலோ உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும். அந்தமானில் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு, மாமா வீட்டில் தங்கி மதுரையில் ஃபிட்டர் படிக்க வரும் பையன் அந்தக் கணக்கில் வரமாட்டான். சட்டப்படி அதில் தவறில்லை. தமிழ்நாட்டின் வரிப்பணம் தமிழ்நாட்டுக்கு. ஆனால் இரண்டு பக்கமும் கதவைச் சாத்தினால் நடுவில் நிற்பவன் கடலில்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

சரி, படித்தால் வேலை இருக்கிறதா? இந்தக் கேள்விக்குத் தீவின் பழைய பதில் 'சர்க்கார் உத்தியோகம்'. அதற்குக் காரணம் உண்டு. தனியார் என்று சொல்லிக்கொள்ள மரத்தொழில்தான் இருந்தது. 1883இல் தொடங்கிய சாத்தம் மரம் அறுக்கும் ஆலை ஆசியாவின் பழைய, பெரிய ஆலைகளில் ஒன்று. 1942இல் ஜப்பானியர் போட்ட குண்டின் பள்ளத்தை இன்றும் அங்கே காட்டுகிறார்கள். படாக் மரத்தைப் பார்த்த மாத்திரத்தில் அதன் உள்ளிருக்கும் கோடு சொல்லும் அறுப்புக்காரர்கள் அங்கே உருவானார்கள். எந்த ஐ.டி.ஐ.யும் அவர்களை உருவாக்கவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தே கற்றுக்கொண்டார்கள். 2002 மே மாதம் சேகர் சிங் குழு அறிக்கையை அடுத்து உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. மரம் உள்ளூர்த் தேவைக்கு மட்டும் என்றானது. பிளைவுட் ஆலைகள் இழுத்து மூடப்பட்டன. காடு பிழைத்தது, பிழைத்தாகவும் வேண்டும். ஹட் பேயில் சுமார் 1,600 ஹெக்டேரில் செம்பனையும் கச்சாலில் ரப்பரும் வளர்த்து வந்த அரசு வனத் தோட்டக் கழகத்தை மூடிவிட 2017இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஒரு தொழில் போகும்போது அந்தத் தொழிலாளியின் மகனுக்கு வேறு தொழில் கற்றுக்கொடுப்பது யார் பொறுப்பு என்பதைத் தீர்ப்பும் எழுதவில்லை, அமைச்சரவைக் குறிப்பும் எழுதவில்லை.

வேலையே வரவில்லை என்பதும் உண்மையல்ல. வந்தது, கப்பல் கப்பலாக வந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிகோபாரிலும் அந்தமானிலும் ஒன்பதாயிரத்துச் சொச்சம் நிரந்தர வீடுகள் கட்டுவதாக முடிவானது. நிகோபார் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் வீட்டைத் தாங்களே கட்டிக்கொண்டவர்கள். தூண் மேல் நிற்கும், தேன்கூடு போன்ற வட்ட வீடுகள் அவை. ஓலை, மரம், கொடி எல்லாம் தீவிலேயே கிடைக்கும். ஊரே கூடிக் கட்டும். அவர்களுக்குக் கிடைத்ததோ இரும்புச் சட்டமும் தகரக் கூரையும் கொண்ட வீடு. இரும்பு வந்தது மெயின்லேண்டிலிருந்து. சிமெண்ட், ஆணி, போல்ட், அதை முடுக்கும் ஆள் எல்லாமே அங்கிருந்து. வீடு ஒப்படைக்கப்பட்டதும் ஆட்கள் கப்பல் ஏறிவிட்டார்கள். குழாய் ஒழுகினால், ஸ்விட்ச் எரிந்தால் என்ன செய்வது? பல ஆண்டு நடந்த அந்த வேலையில் ஒவ்வொரு மேஸ்திரிக்குக் கீழும் இரண்டு உள்ளூர்ப் பையன்களை நிறுத்தியிருந்தால், அதுவே தீவுகள் கண்ட மிகப் பெரிய தொழிற்பயிற்சிக் கூடமாக இருந்திருக்கும். கட்டணம் பூஜ்யம், கூலி கையில். அந்த வாய்ப்பு தகரத்தோடு துருப்பிடித்துப் போனது.

அடுத்த வாய்ப்பு முன்னைவிடப் பிரம்மாண்டம். கிரேட் நிகோபாரில் சரக்குப் பெட்டகத் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், புது நகரம் என்று 72,000 கோடி ரூபாய் மதிப்பில் போடப்பட்ட திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. 130 சதுர கிலோமீட்டர் காடு போகும்; ஷோம்பென் பழங்குடியினரின் கதி என்ன, கலாத்தியா வளைகுடாவில் முட்டையிட வரும் தோணி ஆமைகள் எங்கே போகும் என்று கேட்பவர்களுக்கு இன்னும் மனம் ஒப்பும் பதில் கிடைக்கவில்லை. அந்த வழக்கு தனி. வேலைவாய்ப்பு என்ற வாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், 2011இல் சுமார் எட்டாயிரம் பேர் இருந்த தீவில் முப்பது ஆண்டுகளில் மூன்றரை லட்சம் பேர் இருப்பார்கள் என்கிறது திட்டம். கிரேன் ஓட்டுபவர், வெல்டர், குளிர்பதன மெக்கானிக், கப்பல் எலக்ட்ரீஷியன் எல்லாம் தேவைப்படும். 1969 முதல் அங்கே குடியமர்த்தப்பட்ட முன்னாள் ராணுவக் குடும்பங்களின் பேரன்களும் நிகோபார் இளைஞர்களும் இன்றைய நிலையில் அந்தப் பட்டியலில் எதற்கு விண்ணப்பிக்க முடியும்? வாட்ச்மேன் வேலைக்கு.

அப்ரெண்டிஸ் சட்டம் இருக்கிறதே என்பார்கள். 1961இல் வந்த நல்ல சட்டம். படிக்கும்போதே சம்பளம் தரச் சொல்கிறது. 2016க்குப் பிறகு அந்த உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசே ஏற்றுக்கொள்ள முன்வந்தது. ஆனால் 2019இல் திருத்திய விதிகள்படியும் 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்துக்குத்தான் கட்டாயம். நான்கிலிருந்து 29 பேர் வரை இருந்தால் இஷ்டப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம். சட்டத்தை எழுதியவர்கள் மனதில் அம்பத்தூரும் ஃபரீதாபாதும் இருந்திருக்கும். மாயாபந்தரில் படகு எஞ்சின் ரிப்பேர் செய்யும் கடையில் முதலாளியோடு சேர்த்து மூன்று பேர். ஆனால் அந்த மூன்று பேரிடம்தான் தீவுக்குத் தேவையான தொழில் இருக்கிறது. அந்தக் கடைக்காரருக்கு நேரடியாக ஒரு தொகை கொடுத்து இரண்டு பையன்களை ஒரு வருடம் சேர்த்துக்கொள்ளச் சொன்னால் ஹாஸ்டலும் வேண்டாம், கப்பலும் வேண்டாம். அப்படிக் கற்றதைப் பரீட்சித்துச் சான்றிதழ் தரும் ஏற்பாடும் காகிதத்தில் ஏற்கெனவே இருக்கிறது.

இது வெறும் கற்பனையும் அல்ல. மாமல்லபுரம் சாலையில் இருக்கும் முதலைப் பண்ணையை நடத்தும் அறக்கட்டளை 1990இல் தெற்கு அந்தமானின் வண்டூரில் ஒரு களத் தளத்தைத் தொடங்கியது. ஆராய்ச்சிதான் நோக்கம். பயிற்சி என்று போர்டு எதுவும் மாட்டவில்லை. அங்கே வேலைக்கு வந்தவர்களில் பலர் மாயாபந்தர் பக்கத்து வெபி கிராமத்தின் கரேன்கள். 1925இல் பர்மாவிலிருந்து அழைத்து வரப்பட்ட மக்கள். கடலும் காடும் அவர்களுக்கு ஏற்கெனவே கைவந்தவை. விஞ்ஞானிகளோடு அலைந்ததில் ஆமைக் கணக்கெடுப்பும் தளப் பராமரிப்பும் பிடிபட்டன. விஞ்ஞானிகளும் அவர்களிடமிருந்து கற்றார்கள் என்பது தனிக்கதை. கரேன் இளைஞர்களில் சிலர் சுற்றுலாத் தீவுகளில் படகோட்டிகளாக, டைவிங் வழிகாட்டிகளாக வேலை பார்க்கிறார்கள். எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் சம்பளம் முதல் மாதமே ஆரம்பித்தது, ஆகவே ஏழைப் பையன் பாதியில் ஓடவில்லை. மாதிரியாக எடுத்துக்கொள்ள இது போதும்.

இன்னொரு மாதிரி பிரம்மபுத்திராவில் மிதக்கிறது. அசாமின் ஆற்றுத் தீவுகளுக்கு டாக்டர் போக மாட்டேன் என்றபோது, 2005இல் ஒரு தன்னார்வ நிறுவனம் ஆஸ்பத்திரியையே படகில் ஏற்றியது. பரிசோதனைக் கூடம், மருந்தகம், நர்ஸ் சகிதம் தீவு தீவாகப் போகும் அந்தப் படகுகளுக்குப் பிறகு அரசின் சுகாதாரத் திட்டமும் பணம் கொடுத்தது. ஆஸ்பத்திரி படகில் ஏறும் என்றால் ஒரு வெல்டிங் செட்டும் நான்கு ஒர்க் பெஞ்சும் ஏறாதா? ஹட் பேயில் நான்கு மாதம், கமோர்ட்டாவில் நான்கு மாதம், காம்ப்பெல் பேயில் நான்கு மாதம் என்று ஒரு பட்டறை சுற்றி வந்தால், நூறு பையன்கள் தலைநகருக்கு வருவதைவிட ஐந்து பயிற்சியாளர்கள் தீவுகளுக்குப் போவது மலிவு. பயிற்சியாளர்களுக்குக் கஷ்டம்தான். கஷ்டப்படி கொடுக்க வேண்டும்.

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடியில் 2,300 கிலோமீட்டர் கேபிள் போட்டு, கிரேட் நிகோபார் வரை இன்டர்நெட் கொண்டு போனார்கள். இனி ஆன்லைனில் கற்கலாமே என்று யோசனை சொல்ல டெல்லியில் ஆளுக்குப் பஞ்சமில்லை. தியரி கற்கலாம். ஐ.டி.ஐ. பாடநூல்களைத் தயாரிக்கும் தேசிய நிறுவனம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. ஜெர்மன் உதவியோடு 1986இல் தொடங்கியது. எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் புத்தகங்களைத் தமிழிலும் அச்சிடுகிறது. தமிழ் வழியில் படித்துவிட்டு இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்து மிரளும் அந்தமான் பையனுக்கு அவை கேபிளில் போனால் என்ன, கப்பலில் போனால் என்ன, போய்ச் சேர்ந்தால் சரி. ஆனால் பற்றவைக்கும்போது தீப்பொறி எப்படிச் சிதறும், கை எங்கே நடுங்கும் என்பதைக் கேபிள் சொல்லித்தராது. அதற்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால், செலவே இல்லாமல் செய்யக்கூடிய ஒரு காரியம் இருக்கிறது. ஐ.டி.ஐ. சேர்க்கை நாடு முழுவதும் ஜூன், ஜூலையில் நடந்து ஆகஸ்டில் வகுப்பு தொடங்குகிறது. டெல்லியில் வகுத்த காலண்டர் அது. அந்தமான் கடலில் தென்மேற்குப் பருவக்காற்று மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை அடிக்கிறது. தீவுகளுக்கு இடையே கப்பல்கள் தாமதமாவதும் ரத்தாவதும் அந்த மாதங்களில்தான். சேர்க்கைப் பட்டியலில் பெயர் வந்தவன் குறித்த தேதிக்குள் நேரில் வந்து சேர வேண்டும். வராவிட்டால் இடம் அடுத்தவனுக்கு. அடுத்தவன் பெரும்பாலும் தலைநகரில், ஐ.டி.ஐ.க்கு பஸ் போகும் தூரத்தில் இருப்பவன். ஹட் பேயில் பெட்டி கட்டி வைத்திருக்கும் பையன், கப்பல் என்றைக்கு என்று விசாரிக்க ஜெட்டிக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருப்பான்.